கங்காணி தொட்டுப் பார்த்த கை

தெமோதரைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்குக் காய்ச்சல் என்று தீர்ப்புச் சொன்னது வேலை வாங்கும் கங்காணியின் விரல்கள்தான். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, காய்ச்சல் என்று சொன்னவர்களின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்ப்பார். சுட்டால் லயத்து வீட்டுக்குத் திரும்பலாம். சுடாவிட்டால் கொழுந்து பறிக்க மலையேற வேண்டும்.

அன்று என் அக்கா கம்பளிக்குள் பற்கள் அடித்துக்கொள்ள நடுங்கி நின்றாள்.

"கையி சில்லுன்னு இருக்கு, காச்சலாம் காச்சல்! நாலு எட்டு நடந்தா குளிரு போயிரும். கூடையத் தூக்கு" என்றார் கங்காணி.

"நெத்தியத் தொட்டுப் பாருங்க" என்று கெஞ்சினேன்.

"பொம்பளப் புள்ள நெத்திய நான் தொடணுமா?" என்று முறைத்தார். மானம் பார்க்கிறாராம்!

பின்னாளில்தான் எனக்கு விளங்கியது. உடம்பின் சூட்டை ஆள்வது பிடரிக்கு மேலே, மூளைத்தண்டும் அதை ஒட்டிய பகுதியும். காய்ச்சல் ஏறும்போது அவை இருக்கிற சூடு போதாதென்று முடிவு கட்டிவிடுகின்றன. கைக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துச் சூட்டை உள்ளே தேக்குகின்றன, தசைகளை நடுங்கவைத்து இன்னும் சூடேற்றுகின்றன. ஆக, அந்தச் சில்லிட்ட கைதான் காய்ச்சலுக்கு அடையாளம். தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்காரத் துரையின் குதிரைக்கும் இதே ஏற்பாடுதான். ஆனால் அது நடுங்கினால் அன்றைக்குச் சேணம் ஏறாது.

மத்தியானம் அக்காவைக் கொழுந்துச் சாக்கில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். உடம்பு அனலாய்க் கொதித்தது. மறுநாள் விடியுமுன் உயிர் போய்விட்டது.

பெரட்டுக்கு நான் மட்டும் போனேன். கங்காணி அக்காவின் பேரைக் கூப்பிட்டார்.

"லயத்துல கெடக்குறா. கையி சில்லுன்னுதான் இருக்கு. வந்து தொட்டுப் பாருங்க" என்றேன்.