நிலாந்தி அழுத்திப் பார்த்த பக்கற்

நிலாந்திக்கு வாய் நீளம் என்று எங்கள் ஊரில் சொல்பவர்கள் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அவர் ஒரு நாளைக்குப் பேசுவது இருபது வசனம்கூட இருக்காது. பேசுகிற இருபதும் எங்களுக்குப் பிடிக்காதவை, அவ்வளவுதான்.

சரவணையில் வீடு. வயது முப்பத்தாறு. தகப்பனின் இரண்டு சக்கர லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைப் பதினாறு வயதிலேயே ஓட்டிப் பழகியவர். எங்கள் விவசாயச் சங்கம் சின்ன உழவு இயந்திரம் ஒன்று வாங்கி, அதற்குச் சாரதி தேடியபோது ஐந்து ஆண்களும் இவரும் விண்ணப்பித்தார்கள். இயந்திரத்தின் பின்னால் இழுவைப் பெட்டியைக் கொழுவி, களஞ்சியத்தின் ஒடுங்கிய வாசலுக்குள் பின்பக்கமாக விடவேண்டும். அதுதான் பரீட்சை. இரண்டு பேர் தூணை இடித்தார்கள். நிலாந்தி நடுவில் இரண்டு தரம் இறங்கிப் போய்ப் பின்னால் பார்த்துவிட்டு வந்தார். "இதென்ன, பொம்பிளை பாத்துப் பாத்து ஓடுறா" என்று நான்தான் முதலில் சிரித்தேன். பெட்டி எங்கேயும் முட்டாமல் உள்ளே போனது. வேலையைக் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. கணவர் நோயாளியான பிறகு, இரண்டு பெண்பிள்ளைகளும் படிப்பது அந்தச் சம்பளத்தில்தான்.

போன வருசம் கனடாவில் இருக்கும் நிசாந்தன், காலமான தகப்பன் மார்க்கண்டுவின் நினைவாக அந்த இயந்திரத்துக்கு மண் அள்ளும் இரும்புப் பக்கற் ஒன்று அனுப்பினார். இயந்திரத்தின் முன்கைகளில் கொழுவி, மேலே இருக்கும் இரண்டு கைப்பிடிகளையும் அமர்த்தினால், இரண்டு கம்பிகள் பக்கற்றின் அடி ஓட்டைகளுக்குள் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். வேண்டாதபோது ஒரு நிமிடத்தில் கழற்றலாம். மாரிக்கு முன் குளத்தைத் தூர்வார எங்களுக்குக் கிடைத்த வரப்பிரசாதம் அது. கப்பலில் வந்ததில் இங்கும் அங்கும் கறள் பிடித்திருந்தது. சங்கச் செயலாளர் என்ற தோரணையில் நான் பெயின்ற்காரரைக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்று, "தடிப்பா அடியும், தடிப்பா அடியும்" என்று விரட்டி மூன்று பூச்சுப் பூசுவித்தேன். முன் விளிம்போரம் சிவப்பில் மார்க்கண்டுவின் பெயர்.

கையளிப்பு ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு இராகுகாலம் தொடங்கிவிடும். கனடாவில் இருந்து வந்து நின்ற நிசாந்தன், குருக்கள், சங்கத்தார் என்று முற்றம் நிறைந்திருந்தது. பக்கற்றுக்கு மாலை போட்டு, பொட்டும் வைத்தாயிற்று. அதை உயரத் தூக்கி நிறுத்த, அதன் கீழே நிசாந்தனும் என் மகள் தர்சினியும் ஆரத்தித் தட்டோடு நிற்க, படம் எடுப்பதாக ஏற்பாடு. எல்லாம் என் யோசனைதான்.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு நிலாந்தி இயந்திரத்தைவிட்டு இறங்கினார். நல்ல சேலையோடு நிலத்தில் முழங்கால் ஊன்றி, பக்கற்றின் அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"அண்ணை, இடப்பக்கத்துப் பூட்டுக் கம்பி ஓட்டைக்குள்ளாலை வெளியாலை வந்திருக்கு. வலப்பக்கத்துது வரேல்லை."

"கைப்பிடி அமர்ந்துதானே கிடக்கு?"

"கைப்பிடி அமர்ந்துதான் கிடக்கு. கம்பி வரேல்லை. பக்கற்றின்ரை மூக்கை நிலத்திலை குத்தி அழுத்திக் காட்டுறன், பாருங்கோ."

குத்தினால் மாலை நசுங்கும், புதுப் பெயின்ற் உரியும், செத்த மனிதரின் பெயர் மண்ணில் தேயும். அதுவும் மகன் நிசாந்தன் பார்த்துக்கொண்டு நிற்க. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நேரம் போகுது. உமக்கு ஏலாதெண்டால் சாவியைத் தாரும். ஓடுறதுக்கு வேறை ஆள் இருக்கு."

அத்தனை பேருக்கு முன்னால் அப்படிச் சொன்னேன். நிலாந்தியின் முகம் சுண்டிப்போனது. சாவியைக் கழற்றிக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

"தரமாட்டன். நாளைக்கு என்னை நிப்பாட்டுங்கோ. இண்டைக்கு அந்தப் பிள்ளையைக் கீழை விட்டிட்டு இதை ஒருத்தரும் தூக்க நான் விடமாட்டன்."

நான் வாயைத் திறப்பதற்குள் நிசாந்தன் முன்னால் வந்து, மாலையைத் தன் கையாலேயே கழற்றினார். "அவ பாக்கட்டும் அண்ணை."

எல்லோரையும் பின்னால் போகச் சொல்லிவிட்டு நிலாந்தி ஏறினார். பக்கற்றைத் தாழ்த்தி, மூக்கை மண்ணில் குத்தி, முன்சில்லுகள் இலேசாகக் கிளம்பும்வரை அழுத்தினார். இடப்பக்கம் அசையவில்லை. வலப்பக்கம் முன்கையை விட்டு மெதுவாக விலகியது. விலகிக்கொண்டே போனது. அந்த இடைவெளிக்குள் என் கையை விடலாம். அதற்குள்ளால் வேலிப் பூவரசு பச்சையாகத் தெரிந்தது.

லொறியிலிருந்து நாலு ஆம்பிளைகள் திணறி இறக்கிய இரும்பு அது. நான் மகளைப் பார்த்தேன். தட்டில் கற்பூரம் அணையாமல் இருக்கக் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

நிலாந்தி அரம் ஒன்றை எடுத்து வந்து அந்த ஓட்டையைச் சுரண்டினார். காய்ந்த பெயின்ற் கட்டி கட்டியாக விழுந்தது. "தடிப்பா அடிச்சு ஓட்டையை அடைச்சுப்போட்டுது" என்றார், என் பக்கம் திரும்பாமலே. நான் என் செருப்பைப் பார்த்தேன். பிறகு அவர் கைப்பிடியை அமர்த்த, கம்பி கீழே எட்டிப் பார்த்தது. அதைக் கையால் தடவிப் பார்த்து, மறுபடியும் ஏறி, மறுபடியும் குத்தி அழுத்தினார். இந்தத் தரம் மயிரிழைகூட விலகவில்லை. தேய்ந்துபோன பெயரைப் பார்த்து நிசாந்தன், "பேரைப் பிறகு எழுதலாம்" என்றார்.

அதற்குள் இராகுகாலம் பிறந்துவிட்டது. பன்னிரண்டு வரை காத்திருக்கச் சொன்னார் குருக்கள். நிலாந்தி களஞ்சியத்து நிழலில் குந்தியிருந்து ஒரு மோதகத்தைச் சாப்பிட்டார், ஒன்றுமே நடக்காததுபோல. அந்த மனுசியின் கால்தூசிக்கு நான் வரமாட்டேன் என்று அன்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். எதிர்த்துப் பேச எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் பிழைப்பைப் பணயம் வைத்துப் பேச எத்தனை பேருக்கு வரும்?

பன்னிரண்டுக்கு அவர் ஏறி அமர்ந்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று நான் நேரே இயந்திரத்தின் முன்னால் போய் நின்றேன்.

"நிலாந்தி, நான் கதைச்சது பிழை. என்ரை பிள்ளையை நீர்தான்..."

அவர் கையை நெம்புகோலிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அது பரவாயில்லை அண்ணை. முதல்லை பக்கற்றுக்கு முன்னாலை நிக்காமல் அங்காலை போங்கோ. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ. பூட்டினாலும் இதுக்குக் கீழை ஒருத்தரும் நிக்கக்கூடாது."

சங்கத்தார் சிரித்தார்கள். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வேலியடிக்குப் போனேன். நாங்கள் போய்ச் சேரும்வரை அவர் பக்கற்றைத் தூக்கவில்லை.