அம்மாவின் உயரம்

சாக்பீஸ் தூளைத் தண்ணீரில் குழைத்து விரல் நுனிகளில் பூசிக்கொண்டால், காயக் காய அது தோலை மெல்ல இறுக்கிப் பிடிக்கும். நகக்கண்ணில் ஒட்டியது எத்தனை தேய்த்தாலும் லேசில் போகாது, சோறு பிசையும்போதுகூட வகுப்பறை வாசனை வரும். அந்தக் கோடை விடுமுறை முழுவதும் என் அக்கா மாதேவியின் வலக்கை விரல்கள் வெள்ளையாகவே இருந்தன. மைசூரு மேட்டகள்ளியில் நாங்கள் குடியிருந்த "வட்டார"வின், அதாவது ஒரே குழாயையும் ஒரே முற்றத்தையும் பங்குபோட்டுக்கொள்ளும் ஒற்றை அறை வீடுகளின் வரிசையின் பின்சுவரில், அவள் தினமும் காலையில் எம்பிக் குதித்து விரல் தடம் பதிப்பாள். நேற்றைய தடத்துக்கு இன்றைய தடம் எவ்வளவு மேலே என்று பார்ப்பது என் வேலை. கொள்ளேகாலிலிருந்து வந்து குடியிருந்த பக்கத்து வீட்டுக்காரி, "ஏ புள்ள, செவுத்துக்கு வெள்ளையடிக்க ஆளு வெச்சுக் கூலி குடுக்கறாங்களா?" என்று கேட்டுக்கொண்டே குடத்தைத் தூக்கிப் போவாள்.

மாதேவி ஏழாவது முடித்திருந்தாள். எங்கள் பள்ளி ஏழாவதோடு சரி. அதற்குமேல் படிப்பதென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். அப்படிப் போய்ப் படித்த பெண் எங்கள் வரிசையில் ஒருத்தியும் இல்லை. ஏழாவது முடித்தவர்கள் அம்மா வேலை செய்த ஊதுபத்திக் கொட்டகைக்கே போனார்கள். அந்த வழியிலிருந்து விலகிப்போக ஒரே ஒரு வாசல் திறந்திருந்தது. பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் நஞ்சுண்ட சார், வெளியூர் விளையாட்டு விடுதி ஒன்றின் வாலிபால் தேர்வுக்கு அவள் பெயரைக் கொடுத்திருந்தார். தேர்வானால் படிப்பு, சாப்பாடு, படுக்கை எல்லாம் அங்கேயே. தினம் முட்டை உண்டு என்று மாதேவி என்னிடம் சொன்னபோது, அவள் போய்விடுவாள் என்ற துக்கத்தைவிட அந்த முட்டைதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அவள் அப்போது அப்படியொன்றும் நெட்டை இல்லை. வகுப்பில் அவளைவிட உயரமான பெண்கள் இருந்தார்கள். நஞ்சுண்ட சார் பார்த்தது அவள் தலையை அல்ல, வகுப்பு வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்பை. அவர் கன்னடத்தில் சொன்னதை மாதேவி எங்கள் தமிழில் அப்பாவுக்குச் சொன்னாள்: "நாய்க்குட்டியப் பாதத்தப் பாத்துத்தான் எடுக்கணுமாம். பாதம் பெருசா இருந்தா ஒடம்பு பின்னால வந்து சேந்துக்குமாம்." அப்பா சிரித்தார். சொந்த ஊரான மார்டள்ளியில் இருந்தவரைக்கும் அவர் வீட்டில் கன்று வாங்காத வருஷம் குறைவு. "கன்னு வாங்கப் போனா நாங்க கன்னப் பாக்க மாட்டோம், கட்டுத்தறியில நிக்கிற தாயத்தான் பாப்போம். தாயைத் தண்ணித் தொறையில பாத்தா மகள வூட்டுல பாக்க வேண்டாம்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். அடுத்த நாளே ஹாசன் பக்கத்துக் கட்டட வேலைக்கு, சென்ட்ரிங் பலகை அடிக்கப் போய்விட்டார். அவர் சொன்னதை அன்றைக்கு யாருமே காதில் வாங்கவில்லை, அவர் உட்பட.

எங்கள் அம்மா பொன்னி, அந்த வரிசையில் ஆண்களையும் சேர்த்தே உயரமானவள். அப்பா அவள் காதளவு. கல்யாணப் புகைப்படத்தில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், அப்பா பக்கத்தில் நிற்பார். படம் எடுத்தவர் நெடுநேரம் யோசித்துக் கண்டுபிடித்த ஏற்பாடு அது. குழாயடியில், "என்ன பொன்னி, மேல மழ வருதா?" என்று கேட்பார்கள். அம்மா சளைக்காமல், "தூறல்தானுங்க, ஒங்களுக்கு வந்து சேர நேரமாவும்" என்பாள். பதில்தான் அப்படி, உடம்பு வேறு விதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. தோள்களை முன்னால் மடக்கி, கழுத்தைத் தாழ்த்தி, கீழே விழுந்த எதையோ தேடுகிறவள்போல நடப்பாள். எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிவதற்குப் பழகிய முதுகு, வெட்டவெளியிலும் குனிந்தே இருந்தது.

தேர்வுக்குத் "தாய் கண்டிப்பா வரணும்" என்று நஞ்சுண்ட சார் சொல்லியனுப்பினார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. விளையாட்டுக்காரர்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமல்ல. எங்கள் வீட்டில் அதற்கு விளக்கம் சொன்னவள் கௌரி அத்தை, அப்பாவின் தங்கை. அவள் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஆயாவாக இருந்தாள். ஒவ்வொரு மே மாதமும் அங்கே பிள்ளை சேர்க்க வரும் தாய்மார்களை உள்ளே கூப்பிட்டுக் கேள்வி கேட்பதையும், பதில் சொல்லத் திணறியவர்களின் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்காமல் போவதையும் கதவருகில் நின்று பார்த்தவள். "இது இண்டர்வியூ அண்ணி. பிள்ளைய மட்டுமா பாப்பாங்க? வீட்டையும்ல பாப்பாங்க" என்றாள். அம்மாவுக்குக் கன்னடம் கேட்டால் புரியும். வாயைத் திறந்தால் நாலு வார்த்தைக்குமேல் வராது. அத்தை கன்னடப் பள்ளியில் படித்தவள், அதிகாரிகளிடம் சிரித்துப் பேசத் தெரிந்தவள்.

அம்மா யோசிக்கவே இல்லை. "எனக்குப் பதிலா நீ போயிட்டு வா கௌரி. நான் வந்து அங்க மரமாட்டம் நின்னு என்ன பண்ணப்போறேன்" என்றாள். தன் ஒரே பட்டுப்புடவையை எடுத்துக் கொடுத்தாள். அத்தை கட்டியபோது அது கணுக்காலுக்குக் கீழே அலையடித்தது. இடுப்பில் ஒரு பெரிய மடிப்பாகச் செருகிச் சரிசெய்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

தேர்வு நாளன்று அவர்களோடு நானும் போனேன். மைதானத்தின் ஒரு மூலையில் ஓட்டம் நடந்தது. நஞ்சுண்ட சார் அங்கே விசிலோடு நின்றிருந்தார். இன்னொரு மூலையில், கருப்பு வண்ணம் அடித்த சுவருக்குப் பக்கத்தில் தேர்வாளர்கள் இருவர் இருந்தார்கள்: வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர், டேப் பிடித்த இளைஞர். மாதேவியைச் சுவரோடு நிறுத்திக் கோடு கிழித்து அளந்தார்கள். இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்லி அளந்தார்கள். உள்ளங்கையைத் திருப்பி, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்கள். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிற அதே நிதானம். அதில் அன்பும் இல்லை, அவமதிப்பும் இல்லை. பிறகு அவள் சாக்பீஸ் தூள் பூசிய விரல்களோடு எம்பினாள். அன்று அந்தச் சுவரில் பதிந்த தடங்களில் அவளுடையதே உச்சியில் இருந்தது. வெள்ளைத் தொப்பிக்காரர் முதல்முறையாகப் புருவத்தை உயர்த்தினார். எங்கள் பக்கம் திரும்பினார்.

"நீவு தாயியா?" என்று கேட்டார்.

"ஹௌது சார், நானே தாயி" என்றாள் அத்தை, பள்ளிக்கூட வாசலில் பழகிய சிரிப்போடு.

செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அத்தை அதை மரியாதைக்கான சடங்கு என்றெண்ணிக் கழற்றிக் கும்பிட்டாள். சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னார்கள், நின்றாள். இளைஞர் அவள் தலைக்கு மேலே அட்டையை வைத்துச் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார். மாதேவியின் கோடு அதற்குச் சற்றுத்தான் கீழே இருந்தது. தகப்பன் உயரம் எப்படி என்று கேட்டார் பெரியவர். அடக்கமாகப் பேசுவது நல்லது என்று அத்தைக்குத் தோன்றியிருக்க வேண்டும். "எங்க வீட்டுல எல்லாரும் இந்த அளவுதான் சார்" என்று கன்னடத்தில் சொன்னாள். கேள்வி அவ்வளவுதான். அவள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மற்ற பதில்களை யாரும் கேட்கவில்லை.

மாலையில் தேர்வானவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வலப்பக்கம் நிறுத்தினார்கள். மாதேவியைக் கூப்பிடவில்லை. நஞ்சுண்ட சார் ஓடிவந்தார். தேர்வாளர்களிடம் ஏதோ கேட்டார்; அவர்கள் சுவரிலிருந்த கோட்டைக் காட்டினார்கள். அவள் வளர்ச்சி அநேகமாக முடிந்துவிட்டது, இனி விரலளவு கூடினால் உண்டு என்றார்கள். சார் அந்தக் கோட்டையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். மாதேவிதான் சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு: "இது எங்க அம்மா இல்ல சார். அத்தை."

டேப் பிடித்த இளைஞருக்குக் கோபம் வந்துவிட்டது. தாய் யார் என்பதிலேயே பொய் சொன்னவர்கள் வயதை மட்டும் சரியாகவா சொல்லியிருப்பார்கள் என்று கேட்டார். அத்தையின் கன்னடம் அந்த இடத்தில் அவளைக் கைவிட்டது. பட்டுப்புடவை மடிப்பைப் பிடித்தபடி நின்றாள். வெள்ளைத் தொப்பிக்காரர் மட்டும், "காலையில நாங்க கிளம்பறதுக்குள்ள தாயைக் கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார்.

வீட்டில் யாரும் அத்தையைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அளந்தாங்களா?" என்று மட்டும் அம்மா கேட்டாள். "எதுக்கு அளந்தாங்க?" மாதேவி விளக்கினாள். அம்மா பட்டுப்புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு, "கன்னு வாங்கறாப்பல" என்றாள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்பே மைதானத்துக்குப் போய்விட்டோம். அம்மா வேலைக்குக் கட்டும் சேலையில்தான் வந்தாள். நேற்றைய கோடுகள் கருப்புச் சுவரில் அழியாமல் இருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் போய் நின்றவள், வழக்கம்போலத் தோளை மடக்கிக்கொண்டாள். பிறகு வெள்ளைத் தொப்பிக்காரரைப் பார்த்து, தமிழிலேயே, "நிமுந்து நிக்கட்டுங்களா?" என்று கேட்டாள். அவருக்குப் புரியவில்லை. மாதேவி கன்னடத்தில் சொன்னாள். அவர் தலையசைத்தார்.

அம்மா நிமிர்ந்தாள். முதுகு ஒவ்வொரு கணுவாகச் சுவரில் ஒட்டியது. கடைசியாகக் கழுத்து எழுந்தது. அப்படி ஒருத்தி எங்கள் வீட்டில் இத்தனை நாள் இருந்தாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அத்தையின் கோடு அவள் தோளோடு நின்றது. இளைஞர் அட்டையை வைக்கக் குதிகாலை உயர்த்த வேண்டியிருந்தது. அம்மா யாரையும் பார்க்கவில்லை. மைதானத்துக்கு அப்பால், சாமுண்டி மலையின் பக்கம் எங்கோ பார்த்துக்கொண்டு, மகளுக்காக அசையாமல் நின்றாள்.

"அய்யோ" என்றார் வெள்ளைத் தொப்பிக்காரர், மெதுவாக.

விடுதியில் இருக்கிற கட்டில்களுக்குத்தான் பிள்ளைகள். கடைசிக் கட்டில் முந்தின நாள் மாலையே ஒரு பெண்ணுக்குப் போயிருந்தது. அவள் அப்போது விடுதி வேனுக்குப் பக்கத்தில் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அவள் தகப்பன் வந்தவர்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்துக்கொண்டிருந்தார், எங்களுக்கும் கொடுத்தார். அவளை இறக்கிவிட்டு இவளை எப்படி ஏற்றுவது என்று பெரியவர் நஞ்சுண்ட சாரிடம் கேட்டார். அடுத்த வருஷம் கூட்டி வாருங்கள் என்றார். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும் என்றார் சார். பெரியவர் வேனில் ஏறிக்கொண்டார். வேன் புறப்பட்டது. அம்மா இன்னும் சுவரோடு நின்றிருந்தாள், போதும் என்று யாரும் அவளிடம் சொல்லாததால். மாதேவி போய், "வாம்மா, முடிஞ்சுது" என்று கையைப் பிடித்தாள்.

ஜூனில் பள்ளி திறந்தபோது மாதேவி அம்மாவோடு ஊதுபத்திக் கொட்டகைக்குப் போனாள். விரல்களிலிருந்த வெள்ளை போய்க் கருப்பு ஏறியது. கௌரி அத்தை பிறகும் வருவாள், போவாள். ஆனால் எங்கள் வீட்டுக் காரியமாக யாரிடமும் பேச முன்வரமாட்டாள், ரேஷன் கடையில்கூட.

மாதேவி வளர்ந்தாள். கொட்டகையில் உட்கார்ந்து பத்தி உருட்டிக்கொண்டே வளர்ந்தாள். பாதம் சொன்னது பொய்க்கவில்லை. அடுத்த தீபாவளிக்கு அம்மாவின் ரவிக்கை அவளுக்குச் சரியாக இருந்தது, அதற்கடுத்த தீபாவளிக்குக் கை போதவில்லை. ஒருநாள் எங்கள் நிலைப்படியில் அவள் நெற்றி இடித்தது. அடுப்படியிலிருந்த அம்மா எழுந்து வந்து, இடித்த இடத்தைத் தேய்த்துவிட்டு, "குனிஞ்சு வா கண்ணு" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு மாதேவி குனிந்தே வந்தாள்.

அமெரிக்காவில் பேஸ்பால் அணிகள் பள்ளிப் பையன்களை முறைவைத்து ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுக்கும் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் எப்போதாவது காட்டுகிறார்கள். பெயர் அறிவிக்கப்பட்டதும் பையன் எழுந்து தாயைக் கட்டிக்கொள்கிறான். எல்லாரும் பையனைப் பார்ப்பார்கள். நான் அந்தத் தாய் எவ்வளவு உயரம் என்று பார்ப்பேன். நம் ஊரிலும் இப்போது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பைப் பார்த்தே வளர்ச்சியைக் கணித்துவிடுகிறார்கள் என்று கேள்வி. தாயைக் கூட்டிவரச் சொல்லும் வழக்கம் அநேகமாகப் போய்விட்டது. அந்த மைதானத்தில் பாதி, அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தம். கருப்புச் சுவரை இடித்துவிட்டார்கள். வட்டாரவும் இல்லை, அம்மாவும் இல்லை.

மாதேவி இருக்கிறாள். ஜவுளிக் கிடங்கு ஒன்றில் வேலை. மேல்தட்டுக் கட்டுகளை ஏணி இல்லாமல் எடுத்துத் தருவதால் முதலாளிக்கு அவள்மேல் பிரியம். போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்திருந்தாள். கூடத்தில் தோளை மடக்கிக் கழுத்தைத் தாழ்த்தி நின்றவளிடம், "கொஞ்சம் நிமிர்ந்துதான் நில்லேன், அக்கா" என்றேன். "ஃபேன் தட்டும்" என்றாள்.

எங்கள் வீட்டு மின்விசிறி அவள் தலைக்கு ஒரு முழம் மேலே சுற்றிக்கொண்டிருந்தது.