நூறு பின்னும் பதின்மூன்று பையும்

காலை ஒன்பதே முக்காலுக்கு நூறாவது பின்னும் போய்விட்டது. கவுன்ட்டருக்கு முன்னால் இன்னும் பன்னிரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். செஞ்சியில் நடந்த பின் மீட்டில் நான் கவுன்ட்டர் பார்த்த முதல் நாள் அது.

பின் என்றால் சட்டையில் குத்திக்கொள்ளும் எனாமல் பின். சேர்ப்பவர்கள் ஓர் இடத்தில் கூடி, தங்களிடம் இரண்டாக இருப்பதைக் கொடுத்து இல்லாததை வாங்கிக்கொள்வார்கள். கூடும் ஊருக்கென்று ஒரு லிமிடெட் பின் அடிப்பார்கள். எங்கள் ஊருக்கு அடித்தது ராஜகிரி மலைக் கோட்டை. நூறே நூறு. ஆளுக்கு ஒன்று, முதலில் வந்தவருக்கு முதலில்.

அதற்கு முன் நான் ரேஷன் கடையில் பல வருடம் எடை போட்டவன். வரிசையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிர் இருந்தது. எங்கள் பக்கத்தில் வரிசைக்கு ஆள் நிற்க வேண்டியதில்லை, பையை வைத்தால் போதும். பால் கறந்துவிட்டு வரலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வரலாம், இடம் அப்படியே இருக்கும். ஒரு பைக்கு ஒரு கார்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் அதைச் சொல்வதில்லை.

அன்று விடிந்ததும் மண்டபத்துக்குப் போனால் வாசலில் வரிசையாகப் பைகள். லாட்ஜில் தங்கியிருந்த வெளியூர்க்காரர்கள் வைத்துவிட்டு டிபன் சாப்பிடப் போயிருந்தார்கள். பரவாயில்லையே என்று மெச்சிக்கொண்டு, ஒவ்வொரு பையிலும் ஒரு டோக்கன் கட்டினேன். அப்புறம் வந்தவர்கள் பைகளுக்குப் பின்னால் நின்றார்கள்.

சென்னையிலிருந்து வந்த ஒருவர் மட்டும் பதின்மூன்று பை வைத்திருக்கிறார் என்பது, அவர் பதின்மூன்று டோக்கனோடு கவுன்ட்டரில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

"பைக்கு ஒரு டோக்கன் நீங்கதானே சார் கட்டினீங்க? ஃப்ரெண்ட்ஸுக்கெல்லாம் வாங்கிட்டுப் போறேன்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. டோக்கன் கொடுத்துவிட்டால் சரக்கைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ரேஷன் கடைப் புத்தி. பதின்மூன்றையும் எடுத்துக் கொடுத்தேன். ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தால் வந்த எல்லோருக்கும் சரியாகப் போயிருக்கும்.

வெறுங்கையோடு நின்ற பன்னிரண்டு பேரில் முதல் ஆள் செல்வி. அவலூர்பேட்டையில் தையல் கடை வைத்திருப்பவர். ஒரு ஜாக்கெட் துணியில் வேலூர், திருமயம், தரங்கம்பாடி என்று கோட்டைப் பின்களாகக் குத்தி எடுத்துவந்திருந்தார். நடுவில் ஒரு பின்னுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

"எங்க பக்கத்துக் கோட்டை மட்டும் இல்லாம இருக்குது சார்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேலை செய்பவர்களுக்கென்று தனியாக அடித்ததில் ஒன்று என் சட்டையில் இருந்தது. கழற்றி நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"எனக்குக் குடுத்துட்டா, பின்னால நிக்கிற பதினோரு பேருக்கு இன்னா சொல்லுவீங்க?"

சென்னைக்காரர் அதற்குள் கிளம்பியிருந்தார். தப்பு என்னுடையது என்று மைக்கில் சொல்லிவிட்டு, பன்னிரண்டு பேரின் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கினேன். என் பின் ஒரு கல்லூரி மாணவிக்கு விழுந்தது. செல்வி தன் துணியை விரித்து, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு அதைத் தரச் சொல்லிக் கேட்டார். அந்தப் பெண் மாற்ற மாட்டேன் என்றாள். அதுவும் நியாயம்தான். செல்வி அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

கிளம்பும்போது என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அடுத்த தபா இன்னும் நேரத்தோட வந்துடறேன் சார்."

எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"மொத பஸ்ஸு" என்றார்.

அதிலிருந்து என் கவுன்ட்டரில் முதலில் வந்தவர் என்ற பேச்சே கிடையாது. பத்து மணிக்குள் வருகிற எல்லோருடைய பெயரும் டப்பாவுக்குள் போகும், அப்புறம்தான் குலுக்கல். விடியற்காலையிலேயே வந்து உட்கார்ந்திருப்பவர்கள் ஏன் சார் இவ்வளவு லேட் என்று கேட்பார்கள். பஸ் வரட்டும் என்பேன்.