சுர்ரக்காவின் பாதி நாக்கு

தேயிலைக் கம்பெனியின் சுவைக்கூடத்தில் அவளுக்குச் சுர்ரக்கா என்று பெயர். நீள மேசையில் வரிசையாக நிற்கும் வெள்ளைக் கிண்ணங்களில் கரண்டியை விட்டு, உதட்டைக் குவித்து, ‘சுர்ர்’ என்று ஒரே இழுப்பாக இழுப்பாள். தேநீர் தூறலாகி நாக்கு முழுக்கப் படியும், மணம் மூக்குக்கு ஏறும். மறுநொடி சக்கரம் வைத்த துப்புத்தொட்டியில் துப்பிவிட்டு, அதை முழங்காலால் தள்ளியபடியே அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்திருப்பாள். ஓரிடத்தில் நிற்கிற ஜாதியே இல்லை அவள். நின்றால் நாக்கு யோசிக்க ஆரம்பித்துவிடும் என்பாள்.

அப்படிப்பட்டவளின் வலப்பக்க முகம் ஒரு காலையில் அசையாமல் போயிற்று. பல் துலக்கிக் கொப்பளித்த தண்ணீர் வாயோரமாக ஒழுகியது. வலக்கண் மூட மறுத்தது. பக்கவாதம் என்றே கணவர் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். மருத்துவர் கைகாலை மடக்கிப் பார்த்துவிட்டு, மூளையில் ஒன்றும் இல்லை, முகத்துக்குப் போகிற நரம்பு வீங்கியிருக்கிறது என்றார். மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார். பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும், ஆனால் வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

நாக்கின் வலப்பாதியில் ருசி மங்கியிருந்ததை மருத்துவரிடம் சொன்னாள். கம்பெனியில் மூச்சு விடவில்லை. முகம் கோணினால் பாவம் பார்ப்பார்கள். நாக்கு கோணினால் அந்த மேசையில் அவளுக்கு இடம் ஏது?

லிஃப்ட் பழுதுபார்க்கிற கணவர் தினமும் தூங்கப்போகுமுன் அவள் கண்ணிமையை ஒட்டுப்பட்டியால் மூடி ஒட்டிவிடுவார். “முறைக்காத. பாதி மூஞ்சிதான் முறைக்குது, எனக்குப் பாதி பயம்தான் வருது.”

“பேசாம ஒட்டுங்க.”

வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அடுக்கிய பாத்திரத்தையே மறுபடி அடுக்கினாள். கண்ணாடி முன்னால் நின்று வாயைக் கோணிக் கோணிப் பார்த்தாள். வாரம் ஒன்று முடியுமுன் வேலைக்குத் திரும்பிவிட்டாள். வலது கையில் கரண்டி. இடது கையின் இரண்டு விரலால் உதட்டின் செத்த ஓரத்தைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு இழுத்தால் ஒருமாதிரி ‘சுர்ர்’ வந்தது. மேசையின் மறுமுனையில் நிற்கும் இளைய சுவைஞன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், அவளைப் பார்ப்பதும் கிண்ணத்தைப் பார்ப்பதுமாக இருந்தான்.

“என்ன தம்பி, என் மூஞ்சியிலயா தேயிலை காயுது?”

“இல்லக்கா” என்று குனிந்துகொண்டான்.

வேலைக்குப் போகும் வழியில், செருப்புக் கடையின் மாடியில் அக்குபஞ்சர் வைத்தியம் பார்க்கும் ஊசியம்மாவிடம் போகத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான். புருவத்தின் மேலே, கன்னத்தில், காதுக்கு முன்னால், வாயோரத்தில் என்று மயிரிழை போன்ற ஊசிகள் இறங்கின. கடைசி ஊசி இடது கையில், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே.

“கோணினது மூஞ்சி. கையில எதுக்கு?”

“எங்க படிப்புல முகத்துக்கு வழி கையிலதான் இருக்கு. டாக்டர் குடுத்த மாத்திரையை விட்றாதீங்க. ஊசியாலதான் சரியாகும்னு நான் சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்.”

“அப்புறம் நான் எதுக்கு வர்றேன்?”

“சும்மா இருக்க முடியாமத்தான்” என்றாள் ஊசியம்மா. “அரை மணி நேரம் அசையாம படுங்க.”

அந்த அரை மணி அவளுக்கு ஒரு யுகம். விட்டத்து ஓட்டடையை அளந்தாள், கால் பெருவிரலை ஆட்டினாள், மணி என்ன என்று நச்சரித்தாள். ஒரு நாள் ஊசியம்மா, சுருட்டுப் போலிருந்த மூலிகைக் குச்சி ஒன்றைப் பற்றவைத்து, இடது கைக்கு அருகே பிடித்துச் சூடு காட்டினாள். சூடு இதமாகத்தான் இருந்தது. ஆனால் நேரமாகிவிட்டது. கையைக்கூடக் கழுவாமல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

அன்று மேசையில் இருந்தது முழுவதும் மலைமேல் இருக்கும் ஒரே தொழிற்சாலையின் சரக்கு. முதல் கிண்ணத்திலேயே முகம் சுளித்தாள். இரண்டாவதிலும் அதே. வரிசை முடியும் வரை அதே.

“புகை வாடை. இலை காய வைக்கிற உலையில எங்கயோ ஓட்டை விழுந்திருக்கு.”

இளையவன் இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். “எனக்குத் தெரியலக்கா.”

“உனக்கு நாக்கு முழுசா இருக்கு. அனுபவம்தான் பாதி.”

அவன் காது சிவந்தது. மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பழகின நாக்கு அவளுடையது. சரக்கை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. சொன்னது சரிதானே? பாதி நாக்குக்கு இல்லாத புகை தெரியுமா? தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள், வெறும் சோற்றை மென்று பார்த்தாள். எதிலும் புகை இல்லை. அப்படியானால் தேயிலையில்தான் இருந்திருக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். தேறவில்லை.

அடுத்த முறை ஊசியம்மா குச்சியைக் காட்டி முடித்து, கையில் இருந்த ஊசியை மட்டும் எடுத்திருந்தாள். சுர்ரக்காவின் மூடாத கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்க இடது கையைத் தூக்கினாள். விரல் மூக்கைக் கடந்தபோது அப்படியே நின்றது.

அதே புகை. வரிசை முழுக்க இருந்த அதே புகை. உதட்டைக் கிள்ளிப் பிடித்த அதே விரல்கள்.

எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “எடுங்க எல்லாத்தையும்.”

“இன்னும் நேரம் இருக்கு. படுங்க.”

“நீங்க எடுக்கலன்னா இப்படியே பஸ் ஏறிருவேன். ஜனங்க முள்ளம்பன்னின்னு நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும்.”

கம்பெனிக்குப் போனதும் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அந்தச் சரக்கின் மாதிரியை மறுபடி ஊற்றச் சொன்னாள். கழுவிய விரலால் உதட்டைப் பிடித்து இழுத்தாள். சுத்தமான தேநீர். பாதி நாக்குக்கே தெரிந்தது அது எவ்வளவு நல்ல சரக்கு என்று.

இளையவன் பக்கத்தில் நின்றிருக்கும்போதே மேலாளரிடம் சொன்னாள். “புகை சரக்குல இல்ல சார். என் கையில இருந்துச்சு. வைத்தியத்துக்குக் காட்டின புகை. இன்னொண்ணும் இருக்கு. நாக்குல வலப்பக்கம் ருசி சரியாத் தெரியல. சொல்லாம மறைச்சுட்டேன்.”

தொழிற்சாலைக்குத் தானே போன் செய்து, வாய் கோணியது முதல் எல்லாவற்றையும் சொன்னாள். அங்கே உலையைப் பிரித்துப் போட்டு, இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பேசியவர் வாயில் வந்தபடியெல்லாம் திட்டினார். குறுக்கே பேசாமல் முழுவதையும் வாங்கிக்கொண்டாள். களைத்துப்போய், “ஆமா, இப்ப வாய் எப்படிம்மா இருக்கு?” என்றார்.

“திட்டு வாங்குற அளவுக்கு இருக்குங்க.”

மேலாளர் அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. முகம் சரியாகும் வரை இருவருமே இழுத்துப் பார்க்க வேண்டும், சொல் வேறுபட்டால் இளையவன் சொல்தான் நிற்கும் என்றார். தலையாட்டினாள். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

“அக்கா, நீங்களே முதல்ல பாருங்க” என்றான் அவன்.

“வேண்டாம். நான் சொன்னா நீ அதையே சொல்லுவ.”

தன் முழங்காலோடு ஒட்டியே நின்ற துப்புத்தொட்டியை, சக்கரம் கிறீச்சிட, அவன் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.