பத்து நாள் கண் ஓய்வு

வல்லம் வடகால் பக்கம் ஒரு ஃபேக்டரியில ஏழு வருஷம் இருந்தேன். அதுல அஞ்சு வருஷம் மானிட்டரைப் பார்க்கிறதுதான் என் வேலை. செல்போனுக்குள்ள போற சின்ன சர்க்யூட் போர்டை கேமரா பெருசாக்கிக் காட்டும். ஈயம் சரியா ஒட்டாததைக் கண்டுபிடிச்சு ஒதுக்கணும். எட்டு மணி நேரம் இதே வேலை. ஷிப்ட் முடிஞ்சு பஸ்ல ஏறினா எதிர்ல உட்கார்ந்திருக்கிறவ மூஞ்சியெல்லாம் பச்சைப் புள்ளியா தெரியும். ரூமுக்கு வந்து ஓய்வுன்னு சொல்லிக்கிட்டு மறுபடியும் செல்போனை நோண்டுவோம். கூறுகெட்ட ஜென்மங்க.

ரூம்ல என்கூட இருந்தவ சிவகங்கைப் பக்கத்துப் பொண்ணு. என்னைவிட நாலு வயசு சின்னவ, அக்கா அக்கான்னு உசுரை விடுவா. முதல்ல அவளைப் பேக்கிங்ல போட்டிருந்தாங்க. நின்னுக்கிட்டே செய்யணும். ரத்தம் கம்மி உடம்பு, ரெண்டு தடவை மயங்கி விழுந்துட்டா. இன்னொரு தடவை விழுந்தா வீட்டுக்கு அனுப்பிருவோம்னு சொல்லிட்டாங்க. ஊர்லயோ ஒரு குடிகார மாமன் மகனைக் கட்டிவைக்க எல்லாரும் தயாரா இருந்தாங்க. நான்தான் சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி, என் பக்கத்துல மானிட்டர் முன்னாடி அவளுக்கு ஒரு சேர் வாங்கிக் குடுத்தேன். அந்தச் சேர் போச்சுன்னா அவ ஊருக்குப் போகணும், அவனைக் கட்டணும். அவ்வளவுதான் கணக்கு.

அந்தச் சேர்ல இருக்கிறவங்களுக்கு வருஷா வருஷம் கண் டெஸ்ட் உண்டு. முதலுதவி ரூம்ல எழுத்து அட்டை தொங்கும். ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு வாசிக்கணும். எத்தனை வருஷமானாலும் அதே அட்டைதான். முதல்ல போறவ எழுத்தையெல்லாம் உள்ளங்கையில எழுதிட்டு வந்துருவா. மத்தவளுக பஸ்லயே உருப்போட்டு மனப்பாடம் பண்ணிருவாளுக. ஒருத்திகூட அதைத் தப்புன்னு நினைச்சதில்ல. இவளுக்கு இடது கண் சின்னதுலேருந்தே மங்கல், கண்ணாடி போட்டதே கிடையாது. நான்தான் அவளை ஒப்பிக்கவெச்சு அனுப்பினேன். கடைசி வரி வரைக்கும் கடகடன்னு சொல்லிட்டு சிரிச்சுக்கிட்டே வந்தா. கண் நல்லா இருக்குன்னு சர்டிபிகேட்டும் குடுத்துட்டாங்க.

அதுக்கப்புறம் ஒரு மாசம் இருக்கும். "அக்கா, இடது கண்ணுல மின்னல் வெட்டுது. கொசு மாதிரி என்னமோ பறந்துக்கிட்டே இருக்கு"ன்னா. தலைவலியும் சேர்ந்துக்கிச்சு.

"ஏட்டி, பகல்ல மானிட்டரு, படுத்தா செல்லு, மின்னல் வெட்டாம என்ன செய்யும்?"னு ஏசினேன். எல்லாம் தெரிஞ்ச ஏகாம்பரம்ல நான்! சூப்பர்வைசர்கிட்ட மல்லுக்கட்டி அவளுக்குப் பத்து நாள் லீவு வாங்கினேன். செல்லைப் பிடுங்கி என் சூட்கேஸ்ல போட்டுப் பூட்டினேன். வீட்டுக்கார அம்மா வீட்டு டிவி பக்கம் தலைவெச்சுப் படுக்கக்கூடாதுன்னேன்.

எனக்கு அப்போ ரெண்டாவது ஷிப்ட், மதியத்துக்கு மேலதான் வேலை. தினம் காலையில அவளை வல்லக்கோட்டை முருகன் கோயில் வரைக்கும் நடக்கக் கூட்டிட்டுப் போனேன். கண்ணுக்குப் பச்சையைக் காட்டணும்னு, மிச்சமிருந்த நாலு வயலைத் தேடித் தேடிக் காட்டினேன். திரும்பி வந்ததும் படுக்கவெச்சு, வாசல்ல பூத்த நந்தியாவட்டையைக் கண்ணு மேல வைப்பேன். முருங்கைக்கீரை, கேரட்டுன்னு ஆக்கிப் போட்டேன். மூணே நாள்ல தலைவலி விட்டுருச்சு. கன்னம்கூட லேசா உப்புச்சு. எனக்குத் தலைகால் புரியல. ஃபேக்டரியில பார்க்கிறவகிட்டயெல்லாம் என் வைத்தியத்தைப் பீத்திக்கிட்டேன்.

நாலாம் நாள் அவ சொன்னா: "அக்கா, இந்தக் கண்ணுல ஓரமா ஒரு கருப்புத்துணி தொங்குறாப்ல இருக்கு."

"இத்தனை வருஷச் சூடு இறங்குதுட்டி. பொறு"ன்னேன்.

வீட்டுக்கார அம்மா காதுல அது விழுந்துருச்சு. "இன்னாம்மா நீ, பூ வச்சிக்கினு கீற? கண்ணு டாக்டராண்ட இட்டுகினு போ"ன்னாங்க. எனக்குச் சுருக்குன்னு கோவம். டாக்டர்கிட்ட போனா கண்ணாடி எழுதுவார். கண்ணாடியோட வேலைக்குப் போனா மறுபடி டெஸ்ட் வைப்பாங்க, இவ திருட்டுத்தனம் வெளிய வந்துரும், சேர் போயிரும். இதெல்லாம் அவங்ககிட்ட சொல்ல முடியுமா? "எங்களுக்குத் தெரியும்மா"ன்னு வெடுக்குன்னு சொல்லிட்டேன். அவ என் மூஞ்சியப் பார்த்தா, பூவை எடுத்துக் கண்ணுல வெச்சுக்கிட்டா. அதுக்கப்புறம் அந்தத் துணியைப் பத்தி அவ வாயே திறக்கல. நானும் கேட்கல.

பதினோராம் நாள் காலையில வேலைக்குக் கிளம்பினவ, டீயை டம்ளருக்கு வெளிய ஊத்தினா. கால்ல சூடா பட்டும் நகரல. "அக்கா, அந்தக் கண்ணுல ஒண்ணுமே இல்லக்கா"ன்னா. ஷேர் ஆட்டோ, ரயில்னு மாறி மாறி, மெட்ராஸ்ல ஒரு கண் ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

ஆபரேஷன் பண்ணினாங்க. அவ மயக்கத்துல கிடந்தப்ப டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். விழித்திரை கிழிஞ்சு முழுசா பிரிஞ்சுருச்சாம். இனிமே வெளிச்சம் மட்டும் தெரிஞ்சா பெருசாம்.

"மானிட்டர் பார்த்ததாலயா சார்?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. கிட்டப்பார்வை ரொம்ப அதிகம், அந்த மாதிரிக் கண்ணுக்கு வர்றது. மின்னல் தெரிஞ்சப்பவே வந்திருந்தா லேசர்லயே முடிஞ்சிருக்கும். கருப்பா மறைச்ச அன்னிக்கு வந்திருந்தாகூட பார்வையைக் காப்பாத்தியிருக்கலாம். இத்தனை நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

நாலாம் நாளுக்கும் பதினோராம் நாளுக்கும் நடுவுல ஒரு வாரம் இருக்கு. அந்த வாரம் பூராவும் அவளுக்கு நந்தியாவட்டை வெச்சது நான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு ஊர்ல சொல்லுவாங்க. அதை யாராவது என் முன்னாடி சொன்னா இன்னிக்கும் எனக்கு அவங்க வாயிலே அடிக்கணும்போல இருக்கும்.

அவளுக்கு வேலை போயிருச்சு. அவங்கப்பா வந்து கூட்டிட்டுப் போனார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வரைக்கும் நானும் போனேன். கண்ணுல இன்னும் கட்டு. வண்டி வர்ற நேரத்துல என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா.

"அந்தப் பத்து நாள் என்னைப் பார்த்துக்கிட்ட மாதிரி என்னைப் பெத்தவகூடப் பார்த்ததில்லக்கா. உங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன்?"

டாக்டர் சொன்னதைச் சொல்லிரணும்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவங்கப்பா, அந்த மனுஷன், கண்ணுல தண்ணியோட என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"உடம்பைப் பார்த்துக்க"ன்னு சொல்லி ஏத்திவிட்டேன்.