பெண் பார்க்க வந்தவர்களிடம் நான் சொன்னது

என் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று உறுதியானதும், எங்கள் வீட்டில் முதலில் பேசப்பட்டது அன்றைக்கு என்னை எங்கே அனுப்பி வைப்பது என்பதைப் பற்றித்தான். குளத்தூரில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வரட்டும் என்றார் அப்பா. அம்மா என் முகத்தைப் பார்க்காமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மூத்தவளால் இளையவளின் வாழ்க்கை கெட்டுவிடக் கூடாது என்று பயந்தார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல, நான் சில வருடங்கள் பின்னால் போக வேண்டும்.

எங்கள் ஊர் திருமயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நெல்லும் கடலையும் போடுகிற குடும்பம். நான் வேதியியலில் முதுகலை முடித்து, புதுக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். தினமும் திருமயம் வந்து பஸ் பிடிப்பேன். வேலை எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளைகளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. ஒரு வருடம் கழிந்திருக்கும், தூக்கம் குறைய ஆரம்பித்தது. அதன் பின்னால் விசில் வந்தது.

கண்டக்டர் ஒரு விசில் ஊதினால் பஸ் நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும். சிறுபிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் அதில் வேறு செய்தி கேட்டது. நான் ஏறிவிட்டேன் என்பதை அடுத்த பஸ்காரர்களுக்குத் தெரிவிக்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. வெயில் அடிக்கிறது என்பது போல அது எனக்குத் தெரிந்தே இருந்தது. சந்தேகப்படுகிறவருக்கு, ஒருவேளை அப்படி இல்லையோ என்று இன்னொரு யோசனையும் வரும். எனக்கு அது வரவில்லை.

பிறகு குரல்கள் கேட்டன. இரண்டு ஆண்கள், என்னைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இப்போது சாக்பீஸ் எடுக்கிறாள் என்பார் ஒருவர். தப்பாகத்தான் எழுதுவாள் பார் என்பார் மற்றவர். அவை மனதுக்குள் ஓடும் பேச்சு மாதிரி இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று பேசுவது போலத் தெளிவாகக் காதில் விழுந்தன. ஒருநாள் பாடம் நடக்கும்போது திரும்பி, யார் பேசியது என்று கத்தினேன். வகுப்பில் ஒருவரும் பேசியிருக்கவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது பயம். நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நாள் ஓய்வெடுத்துவிட்டு வாருங்கள் என்று தலைமையாசிரியர் வீட்டுக்கு அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தும் அது விடவில்லை. அம்மா போட்ட சோற்றில் ஏதோ கலந்திருப்பதாக நினைத்துத் தட்டைத் தள்ளினேன். குளிப்பதையும் தலை வாருவதையும் விட்டேன். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு பாதியில் வேறெங்கோ போய்விடும். கேட்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. படிப்புச் சூடு தலைக்கேறிவிட்டது என்றார்கள் ஊரில். ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். அப்பா ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்ட வைத்தார். கயிறு கட்டியவரும் அந்த இருவரின் ஆள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்த என் தங்கை லீவில் வந்தாள். வந்தவள் புத்தி சொல்லவில்லை, அழவில்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "இப்ப என்னக்கா சொல்றாங்க?" என்று கேட்டாள்.

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "எனக்கு ஒன்னும் கேக்கல. ஆனா ஒனக்குக் கேக்குதுன்னு நான் நம்புறேன். தூக்கம் இல்லாம நீ படுற பாட்ட என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. டாக்டர்ட்ட போவமாக்கா?"

எனக்கு நோய் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் என்னை நம்பினாள் என்பதற்காக மட்டுமே போனேன்.

புதுக்கோட்டை அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் இருந்த பெண் மருத்துவர், அப்பாவும் அம்மாவும் இருந்தும் என்னைப் பார்த்தே பேசினார். குரல் கேட்பது பொய்யில்லை என்றார். நிஜச் சத்தத்தைக் கேட்கும்போது மூளையின் எந்தப் பகுதி வேலை செய்யுமோ அதே பகுதி சத்தமே இல்லாதபோதும் வேலை செய்கிறது. அதனால்தான் இவ்வளவு உண்மையாக இருக்கிறது என்றார். இதற்கு ஸ்கிசோஃப்ரினியா என்று பெயர், தமிழில் மனச்சிதைவு நோய் என்பார்கள் என்று சொன்னார். நாங்கள் வளர்த்த விதம் தப்போ என்று அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். மருத்துவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இது ஒங்க தப்பும் இல்ல, அவங்க தப்பும் இல்லம்மா. சாபமும் இல்ல. பிறவியிலேயே சிலருக்கு இதுக்கான வாய்ப்பு கொஞ்சம் கூடுதலா இருக்கும். மூளையில ஓடுற ரசாயனம் மாறும். அதோட மனக்கஷ்டம், தூக்கமின்மை எல்லாம் சேரும்போது வெளிய வந்துரும். இதுதான் காரணம்னு ஒன்ன மட்டும் காட்ட முடியாது. ஆனா வைத்தியம் இருக்கு."

ரசாயனம் என்ற சொல்லைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது என் பாடம் அல்லவா.

மாத்திரைகள் வேலை செய்தன. ஆனால் சும்மா செய்யவில்லை. தலையணை நனையும் அளவுக்கு எச்சில் ஊறியது. கை நடுங்கியது. உடம்பு பெருத்து ரவிக்கைகளை எல்லாம் பிரித்துத் தைக்க வேண்டி வந்தது. குரல்கள் தேய்ந்து நின்றபோது, இனி எதற்கு இந்தக் கஷ்டம் என்று நானாகவே மாத்திரையை நிறுத்தினேன். சில வாரங்களில் அந்த இருவரும் திரும்பி வந்தார்கள், முன்னைவிடக் கோபமாக. இந்த முறை ஆஸ்பத்திரியிலேயே தங்க வேண்டியிருந்தது. மருத்துவர் திட்டவில்லை. மாத்திரையை மாற்றினார், அளவை மாற்றினார். எது தொந்தரவு செய்தாலும் நிறுத்தாமல் வந்து சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

குரல்கள் போன பிறகு வந்ததுதான் எனக்குக் கடினமாக இருந்தது. எதிலும் ஆசை இல்லை. அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்தாள் அம்மா. அதுவும் நோயின் ஒரு பாகம்தான் என்று தங்கை அவளுக்கு எடுத்துச் சொன்னாள். அதிலிருந்து எனக்குத் தினம் ஒரு வேலை என்று வைத்தார்கள். முதலில் எழுந்து முகம் கழுவுவது. பிறகு ஆடுகளுக்குத் தண்ணீர் வைப்பது. பிறகு அம்மாவோடு கடலைக் கொல்லைக்குப் போவது. ஒருநாள் கொல்லையில் பச்சைக் கடலையைப் பிடுங்கி மண்ணைத் தட்டி வாயில் போட்டபோது, ருசியாக இருக்கிறது என்று தோன்றியது. அம்மாவிடம் அதைச் சொன்னேன். அவள் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

தனியாகப் பஸ் ஏறினேன். கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் கிளம்பியது. திருமயத்தில் வேறொரு பள்ளியில் ஆய்வகத்தில் உதவி வேலை கிடைத்தது. நோயைச் சொல்லித்தான் சேர்ந்தேன். அடுத்த ஆண்டே பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். களைத்துப்போன நாட்களில் இன்றும் தூரத்தில் ஒரு முணுமுணுப்பு கேட்கும். பதில் சொல்லாமல் கையிலிருக்கும் வேலையைத் தொடர்வேன். அது அடங்கிவிடும்.

இப்படி நான் எழுந்து நின்ற நேரத்தில்தான் அந்தப் பெண் பார்க்கும் பேச்சு வந்தது. அக்கா வீட்டில் இல்லையென்றால் நான் காப்பித் தட்டைத் தொட மாட்டேன் என்று தங்கை சொல்லிவிட்டாள். நான் இருக்கிறேன், நானே சொல்கிறேன் என்றேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

கட்டுமாவடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம் அவர்களுடையது. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, பெரியப்பா, இன்னும் சிலர் வந்தார்கள். காப்பி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் பெரியப்பா, மூத்ததுக்கு ஏன் இன்னும் முடிக்கவில்லை என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா தொண்டையைச் செருமினார். நான் எழுந்தேன்.

"எனக்கு மனச்சிதைவு நோய்ங்க. மாத்திரை சாப்பிடுறேன். இப்ப நல்லா இருக்கேன், பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கிறேன். பின்னால வேற யாரும் சொல்லி நீங்க தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு நானே சொல்றேன்."

ரத்தத்தில் வருகிற நோயாயிற்றே என்றார் பெரியப்பா. கூடப்பிறந்தவர்களுக்கு மற்றவர்களைவிட வாய்ப்பு கொஞ்சம் அதிகம்தான், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை என்று எனக்கு மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். வந்தாலும் சீக்கிரம் கண்டுகொண்டால் நன்றாக வாழலாம், அதற்கு நானே சாட்சி என்றேன். மாப்பிள்ளை என்னை நேராகப் பார்த்துத் தலையசைத்தார். அவருடைய அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கலந்து பேசிச் சொல்கிறோம் என்று கிளம்பிப்போனார்கள். அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

அந்த வாரமே ஒரு மத்தியானம் மாப்பிள்ளையின் அம்மா தனியாக வந்து இறங்கினார். வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறார் என்றே எல்லோரும் நினைத்தோம். அவர் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

"ஆத்தா, எனக்கு ஒரு தம்பி இருக்கான். பல வருசமா வீட்டுக்குள்ளயே வச்சிருக்கோம். அவனுக்கு இப்படின்னு தெரிஞ்சா எம் மகனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாகன்னு நாங்களும் மறைச்சுட்டோம். நீ எந்திரிச்சு நின்னு சொன்னப்ப எனக்கு ஒடம்பே ஆடிப்போச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அவனுக்கும் சரியாகுமா?"

"எந்த அளவுக்குன்னு என்னால சொல்ல முடியாது அத்தை. ஆனா இப்ப இருக்கிறத விட நல்லா இருப்பாங்க. கூட்டிட்டுப் போவோம். நானும் வாரேன்."

கட்டுமாவடிக்கு நானும் தங்கையும் போனோம். சாமான்கள் வைக்கும் அறையில் தாடியும் சடையுமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் அவர். ஆஸ்பத்திரி என்றாலே கையை ஓங்குவார் என்று எச்சரித்திருந்தார்கள். நான் வாசலருகே தரையில் உட்கார்ந்தேன். தங்கை அன்று என்னிடம் கேட்டதையே அவரிடம் கேட்டேன். அவர் முகம் மெல்லத் திரும்பியது.

"ஒனக்கும் கேக்குமா?"

"கேக்கும். முன்ன ரொம்ப. இப்ப எப்பவாவதுதான்."

வெகுநேரம் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து, தன் அக்காவிடம் சட்டை எங்கே என்று கேட்டார்.

ஒரே நாளில் ஒன்றும் நடந்துவிடவில்லை. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் மாதக்கணக்கில் அலைந்தார்கள். பழைய ஆளாக அவர் முழுக்கத் திரும்பவில்லை. பேச்சு இன்னும் குறைவுதான். ஆனால் தலைமுடி வெட்டிக்கொண்டார். சாப்பாட்டுக்கு எல்லோரோடும் வந்து உட்கார்ந்தார். கடையில் பருப்பும் அரிசியும் பொட்டலம் கட்ட ஆரம்பித்தார். இதற்கிடையில் தங்கையின் கல்யாணமும் நிச்சயமானது.

கல்யாணத்தன்று தாய்மாமன் மாலையை அவர்தான் போட்டார். வெள்ளை வேட்டி சட்டையில், யாரும் கைபிடித்து அழைத்து வராமல், தானாக மேடையேறினார். மாலை மாப்பிள்ளையின் தலையில் கொஞ்சம் சிக்கியது. அவரே சரிசெய்தார். அதைப் பார்த்து மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து நின்று கைதட்டினார். மேளச் சத்தத்தையும் மீறிப் பலரும் சேர்ந்து தட்டினார்கள். தாலி ஏறுவதற்கு முன்பே என் தங்கை அழுதுவிட்டாள், கண்மை எல்லாம் கரைந்துபோனது.

பந்தி முடிந்து நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒரு அம்மா பக்கத்தில் வந்து நின்றார். தன் மகன் மூன்று மாதமாகத் தூங்குவதில்லை, யாரோ பின்தொடர்கிறார்கள் என்கிறான் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவருக்குப் பின்னால் இன்னொரு பெண்ணும் காத்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை போக வேண்டும், எந்தப் பக்கம் போய்ச் சீட்டு வாங்க வேண்டும் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். கல்யாணக் கூட்டத்தில் என் குரல் அவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அதனால், நாலு பேருக்கும் கேட்கும்படி, சத்தமாகவே சொன்னேன்.