சோப்புப் பெட்டியோடு வந்த சிஸ்டர்

சிஸ்டர் ஜெயமேரி செவ்வாய்க்கிழமை காலை பாப்பிரெட்டிப்பட்டியில் தம் வீட்டில் காலமானார். இதை எனக்கு உறுதிப்படுத்தியவர் அவருடைய தம்பி அந்தோணி. மாரடைப்பு என்று மருத்துவர் சொன்னதாகவும் அவரே தெரிவித்தார். அதற்குச் சற்று முன்பே ஒரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருந்தது. குழுவில் வருவதை அப்படியே நம்பிப் பழக்கமில்லாததால் அந்தோணியைக் கூப்பிட்டு, "உறுதிதானுங்களா?" என்று கேட்டேன். "அக்கா பக்கத்துலதாங்க உக்காந்திருக்கறேன்" என்றார். 

ஜெயமேரி நர்ஸ். தருமபுரியில் ஒரு தனியார் சர்க்கரை நோய் மருத்துவமனையில் வேலை பார்த்தார். 'சிஸ்டர்' என்று யாராவது பேருந்தில் கூப்பிட்டால் பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள். "கன்னியாஸ்திரி இல்லீங்க, ஊசி போடற சிஸ்டரு" என்பார். சொல்வது உட்கார்ந்த பிறகுதான்.

தோலுக்கடியில் சென்சார் வைத்துக்கொண்டவர்களைக் கவனிப்பது அவர் பொறுப்பு. மேல்கையில் சிறிதாகக் கீறி, மாத்திரையளவு கருவி ஒன்றை மருத்துவர் உள்ளே வைப்பார். உடம்பில் சர்க்கரை ஏறுவதையும் இறங்குவதையும் அது செல்போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ரொம்பவும் இறங்கினால் போன் அலறும். ஆனால் எது சரியான அளவு என்பதை நாம்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மீட்டரில் பார்த்து, அந்த எண்ணைப் போனில் போட வேண்டும். அதை வைத்துச் சென்சார் தன்னைத் திருத்திக்கொள்ளும். தவறான எண்ணைக் கொடுத்தால் தவறாகவே திருத்திக்கொள்ளும்.

பத்திரிகைக்குச் செய்தி எடுக்கப் போன நான் அவரை முதலில் சந்தித்தது சாந்திக்குச் சென்சார் வைத்த அன்று. சாந்தியும் கணவர் கோவிந்தனும் கம்பைநல்லூர்ப் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள். சாந்திக்குச் சிறு வயதிலிருந்தே இன்சுலின். சர்க்கரை இறங்கினால் மற்றவர்களுக்கு வியர்க்கும், கை நடுங்கும். சாந்திக்கு எந்த அறிகுறியும் தெரியாது, ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். ஒருமுறை கிணற்றுப் படியில் விழுந்து பிழைத்தார். அதிலிருந்து கோவிந்தன் அவரைத் தனியாகத் தோப்புக்கு விடவில்லை. மறுபடியும் தனியாகப் போய்வர வேண்டும் என்பதற்காகத்தான் சாந்தி கையைக் கீறிக்கொள்ளச் சம்மதித்தார்.

செய்தியில் போட, கருவி காட்டும் எண் என்னவென்று கேட்டேன்.

"இன்னைக்கு எந்த நம்பரும் கேக்காதீங்க சார்" என்றார் ஜெயமேரி. "புண்ணு ஆறணும், உடம்பு அதைச் சேத்துக்கணும். புது மருமவ மாதிரி. வந்த அன்னைக்கே வேல வாங்கக் கூடாது."

"எங்க வூட்ல வந்த அன்னைக்கே களத்துல எறக்கிட்டாங்கக்கா" என்றார் சாந்தி, கணவரைப் பார்த்துக்கொண்டே.

"அதான் இன்னும் மாமியாரோட ரீடிங் ஒத்துப்போவல" என்றார் ஜெயமேரி. கோவிந்தன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மறுநாள் ஜெயமேரியே என்னைக் கூப்பிட்டு எண்ணைச் சொன்னார். அதன் பிறகே செய்தி அச்சுக்குப் போனது.

அடுத்துச் சொல்லப்போவதை ஜெயமேரியும் சொல்லியிருக்கிறார், கோவிந்தனும் சொல்லியிருக்கிறார். இருவர் சொன்னதிலும் வேறுபாடில்லை. போன மாம்பழக் காலத்தில் ஒருநாள், சென்சார் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஜெயமேரி சாந்தியின் வீட்டுக்குப் போனார். அந்த மாதத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் வந்தவர்களுக்குப் பழம் அரியாமல் பேச்சே தொடங்காது. சாந்தி செந்தூரா மாம்பழம் அரிந்து தட்டில் வைத்தார், கையைத் துணியில் துடைத்துக்கொண்டு விரலை நீட்டினார். ஜெயமேரி ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்துவிட்டுக் குத்தினார். சென்சார் காட்டியதைவிட மீட்டர் வெகுவாகக் கூட்டிக் காட்டியது.

"ஒரு துண்டு வாயில போட்டியா கண்ணு?"

"இல்லீங்கக்கா. உங்களுக்குத்தான் அரிஞ்சேன்."

"தின்னிருந்தா சொல்லு. நான் என்ன அடிக்கவா போறேன்?"

"சத்தியமா இல்லீங்கக்கா."

ஜெயமேரி நம்பவில்லை. சர்க்கரை நோயாளி ஒளித்துத் தின்பார் என்பது அந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஊறிப்போன எண்ணம். மீட்டரின் எண்ணைப் போனில் போட்டுவிட்டுக் கிளம்பினார். அன்று பிற்பகல் தோப்பில் சாந்திக்குச் சர்க்கரை இறங்கியது. அளவு நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த போன் அலறவில்லை. தேநீர் கொண்டுபோன கோவிந்தன் பார்த்தபோது, மரத்தடியில் உட்கார்ந்து கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்தார். நல்லவேளையாக விழுங்க முடிந்தது. சர்க்கரைத் தேநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார்.

தகவல் தெரிந்ததும் ஜெயமேரி மருத்துவரிடம் சொல்லிவிட்டு மறுநாள் முதல் பேருந்தில் வந்தார். பழத்தை அரியச் சொன்னார். தம் விரலையே அதில் தொட்டு, ஸ்பிரிட்டில் துடைத்துக் குத்திப் பார்த்தார். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, இன்னொரு விரலில் பார்த்தார். ஒரே ஆளின் ரத்தம், ஆனால் மீட்டரில் இரண்டு எண்கள். விரலில் ஒட்டியிருந்த பழச்சாறு ஸ்பிரிட்டுக்கு முழுதாகப் போவதில்லை.

கோவிந்தனுக்குக் கோபம் அடங்கவில்லை. "போன வச்சிக்கிட்டு என்ன பண்றதுங்க? அது சும்மாவே இருந்துச்சே."

"போன் மேல தப்பு இல்லீங்க. அதுக்கு நான் தப்பா சொல்லிக் குடுத்தேன்" என்ற ஜெயமேரி, சாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ பொய் சொல்லல கண்ணு. பழந்தான் பொய் சொல்லுச்சு. நான் பழத்த நம்பிட்டேன்."

அன்று முதல் அவர் பையில் சோப்புப் பெட்டி ஒன்றும் சின்னத் துண்டு ஒன்றும் இருந்தன. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர் கேட்பார். பழத் தட்டு வந்தால், "கைய கழுவிட்டுக் குத்திக்கலாம், அப்பறம் முழுசா நானே தின்னுக்கறேன்" என்பார். சாப்பிட்ட கையோடும் தோப்பிலிருந்து நடந்து வந்த மூச்சோடும் ரத்தம் எடுக்க விடமாட்டார். போனில் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி தெரியும். அது மேலேயோ கீழேயோ சாய்ந்திருந்தால் சர்க்கரை மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். "அம்பு படுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். எத்தனையோ வீடுகளில் அவர் அப்படிக் காத்திருந்ததை இதைப் படிக்கும் பலரும் பார்த்திருப்பீர்கள்.

அரூரில் நடந்த ஒரு முகாமில் இளம் நர்சுகளிடம் இந்தக் கதையைச் சாந்தியின் பெயரைச் சொல்லாமல், தம் பெயரை மறைக்காமல் சொன்னார். முடிவில், "நம்பர் ஒண்ணும் ஆளு ஒண்ணும் சொன்னா, நான் இப்பல்லாம் ஆளத்தான் மொதல்ல கேக்கறது" என்றார். பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பல காலமாக எண்களை வாங்கி அச்சில் ஏற்றி வந்தவன் நான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒரு வாக்கியம்.

புதன்கிழமை கல்லறைத் தோட்டத்துக்குச் சாந்தியும் கோவிந்தனும் வந்திருந்தார்கள். சாந்தியின் பழைய சென்சார் ஆயுள் முடிந்திருந்தது. புதியதை வைக்க அதே நாளைத்தான் ஜெயமேரி குறித்திருந்தார். மருத்துவமனை அதை ஒரு நாள் தள்ளி வைத்தது. மண் போட்டுவிட்டு வந்த சாந்தி, கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டாமல் வெகுநேரம் நின்றார். "கழுவிக்க" என்று கோவிந்தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். "இப்ப வேணாம். இன்னைக்கு யாரு குத்தப் போறாங்க" என்றார் சாந்தி.

இன்று, வியாழக்கிழமை மதியம், புதிய சென்சார் வைக்கப்பட்டது என்று கோவிந்தன் தொலைபேசியில் சொன்னார். நாளை பிற்பகல்வரை அது எந்த எண்ணும் காட்டாது, எதற்கும் அலறாது. அதுவரை சாந்தியைத் தனியே விடுவதில்லை என்று தோப்பு வேலையை நிறுத்தியிருக்கிறார். நாளை பிற்பகல் புதிய நர்ஸ் ஒருவர் வருவார் என்று மருத்துவமனை சொல்லியிருக்கிறது. ஜெயமேரி இல்லாமல் சாந்தி கொடுக்கப்போகும் முதல் எண் அது.

புதிய நர்சுக்கும் பழம் அரிவீர்களா என்று, போனை வாங்கிய சாந்தியிடம் கேட்டேன்.

"அரியாம இருப்பனுங்களா?" என்றார். "மொதல்ல தண்ணி மொண்டு குடுப்பேன். அந்தப் பொண்ணு ஏன்னு கேட்டா, அக்கா பேரச் சொல்லுவேன்."